மரச்சிப்பி

'மரச்சிற்பி' என்றுதான் எழுதிக் கொடுத்தோம்.
கிளிநொச்சி அச்சகத்திலிருந்து 'மரச்சிப்பி' வந்தது.
திருத்த நேரமில்லை.
மாங்குளம் கூட்டுறவுச் சங்க நெல் மண்டபத்தில்
வெள்ளி, சனி, ஞாயிறு
அப்படியே தொங்கியது:
லித்துவேனியா மரச்சிப்பி கெஸ்துதிஸ்.
தனிநபர் கண்காட்சி. அனைவரும் வருக.

பெயர் வாயில் நிற்காமல்
லோட் ஏற்றும் பெடியள் அவரைக் கஸ்தூரியார் ஆக்கிவிட்டார்கள்.
தாடியில் மரத்தூள். வெயிலில் வெந்த கழுத்து.
மாசியில் எங்கள் மரக்காலைக்கு வந்தவர்
நல்ல முதிரையைத் தட்டிக்கூடப் பார்க்காமல்
பின்வேலியோரம் போனார்.
அங்கே கிடந்தவை கழிவுக்கட்டைகள்,
காந்தம் ஒட்டிய பாலைகள்.
உள்ளே இரும்பு இருக்கிற மரத்தை
நாங்கள் வாளில் ஏற்றுவதில்லை.
பட்டை மூடி, வளையம் மூடி
பதினைந்து வருடம் நல்ல பிள்ளையாய் நின்றிருக்கும்.
வாள் போய்த் தொடும்போதுதான் சொல்லும்.

கணக்கு எழுதுகிறவள் நான்.
பதினொரு கட்டை. விறகு விலை.
ஒன்று ஆயிரத்து எண்ணூறு.
வன இலாகாப் பெர்மிட்டில் 'பயன்பாடு' என்ற கட்டத்தில்
என்ன போடுவதென்று தெரியாமல்
'ஏனையவை' என்று போட்டேன்.

ஐப்பசியில் ஏனையவை வந்து உட்கார்ந்தன.
எல்லோருக்கும் ஒரே இருப்பு:
முழங்காலில் முழங்கை, கன்னத்தில் கை.

"தனிநபர் எண்டு போட்டிருக்கு,
இஞ்ச பதினொரு பேர்" என்றான் ஒரு பள்ளிக்கூடப் பெடியன்.
பெரியவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.
கப்பல் கவிழ்ந்தாலும் கை வைக்கக்கூடாத இடம்.
சாளம்பன் பக்கத்துத் தாய் ஒருத்தி
தன் மகளின் கையை முதலில் தட்டிவிட்டு
அதன் பிறகுதான் உள்ளே கூட்டிப்போனாள்.

மொழிபெயர்க்க வந்த நிறோஜினி அவரிடம் கேட்டாள்.
எங்கள் ஊரில் இவர் சந்திக்குச் சந்தி இருப்பார், என்றாராம்.
பேசமாட்டார். வரம் தரமாட்டார்.
றோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.
நாங்கள் செய்வது ஒன்றுதான்:
மழை படாமல் மேலே ஒரு கூரை.
இந்தமுறை கூரைக்குக் காசு போதவில்லை என்றும் சொன்னாராம்.
அதை அவள் எனக்கு மட்டும் சொன்னாள்.

இரும்பை அவர் தோண்டி எடுக்கவில்லை.
ஒருவருக்கு முழங்காலில், ஒருவருக்குத் தோளில்,
ஒருவருக்குச் சரியாக இமைக்குக் கீழே.
இருந்த இடத்தில் இருக்கவிட்டு
அதைச் சுற்றி ஆளைச் செய்திருந்தார்.
சுற்றிலும் மரம் கறுத்திருந்தது,
கொப்பியில் மை கொட்டியது போல.

விற்பனை இல்லை.
வந்தவர்கள் இருநூற்றுப் பதினாறு பேர்,
அதில் நாற்பது பேராவது மழைக்கு ஒதுங்கியவர்கள்.

ஞாயிறு பின்னேரம் குகனேசன் வந்தான்.
எங்கள் மரக்காலையில் வாள் ஓட்டுகிறவன்.
உள்ளே போகவில்லை.
வாசல் அகலம் காணாமல் முற்றத்தில் விட்டிருந்த
பதினோராவது ஆளுக்கு முன்னால் நின்றான்.
மழை அந்த உச்சியில் விழுந்து
கன்னத்தால் கைக்கும், கையால் முழங்காலுக்கும் இறங்கியது.
அடியில் ஒரு வெட்டு, நாலு அங்குலம்.
அதற்குள் விரலை விட்டான்.
"இது என்ர கட்டை.
வாள் உடைஞ்ச இடம்."

பிறகு லாண்ட்மாஸ்டரில் இருந்து
மரத்தூள் மூடுகிற தறப்பாளை இழுத்து வந்தான்.
பழையது. நீல எழுத்துகள் பாதி அழிந்தது.
வேலிக்கட்டை, மண்டபத்து யன்னல், வேம்பு என்று
மூன்று மூலையையும் இழுத்துக் கட்டினான்,
இங்கே எவருக்கும் கை மறக்காத அந்த முடிச்சால்.
நாலாவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.
கஸ்தூரியார் வெளியே வந்து
அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு
குகனேசன் என்னிடம் வந்தான்.
"அக்கா, கட்டை வித்துப்போட்டியள்தானே.
அப்ப அண்டைக்கு என்ர சம்பளத்தில பிடிச்ச
நாலாயிரத்து எழுநூறு?"

தறப்பாளின் மூலையில் நின்றபடி அவர்
என்ன சொல்கிறான் என்று கேட்டார்.
நிறோஜினி என்னைப் பார்த்தாள்.

பொறு, என்றேன்.
தை மாதப் பக்கத்தைத் தேடினேன்.