பின்பாரம்

தெலுக் இந்தான் கடைக்காரன்
கூரைக்கு நீள விளக்கு, முன்னால் குரோம் கம்பி,
வெள்ளத்தில் மூச்சுவிட மூக்குக்குழாய் என்று
மூவாயிரம் வெள்ளிக்குக் கணக்குப் போட்டான்.
முதலில் நான் மூச்சு விட்டுக்கிறேன் தம்பி என்று
டயர் மட்டும் வாங்கினேன். நான்கும் சேற்று டயர்.

ஊத்தான் மெலிந்தாங்கில் ஆ கியோங் பட்டறை.
பின்வில்லுக்கு ரெண்டு பட்டை சேர்த்துப் போடு,
ஒரு டன் தாங்கும் என்றான்.
பட்டை தாங்கும், பிரேக் தாங்குமா?
சிரித்துக்கொண்டே
ஒன்றை எடுத்த இடத்தில் வைத்தான்.

இருபத்திரண்டாம் பிளாக் மேட்டில்
செம்மண் ஊறிய ஒரு நவம்பரில்
வெறும் வண்டி வாலைச் சுழற்றி
வாய்க்காலைப் பார்த்து நின்றது.
அன்றிலிருந்து
பின்னச்சுக்கு மேலே இரண்டு மணல்மூட்டை,
கல்யாணத்துக்குப் போனாலும்.
மண்டப வாசலில் என் வீட்டுக்காரர்
யாருடைய வண்டியோ மாதிரி தள்ளி நிற்பார்.

நேற்று அஞ்சலையின் மாட்டை ஏற்றினேன்.
லயத்தை இடிக்கிறார்கள்.
அவளுக்கு அடுக்குமாடியில் நாலாவது மாடி.
மாட்டுக்குப் படிவத்தில் கட்டமில்லை.
வாங்கியவர் பாகான் டத்தோ பக்கம்,
முப்பது கிலோமீட்டர்.

மூட்டைகளை லயத்திலேயே இறக்கினேன்.
கம்பிக்கூண்டு. தரையில் உரச்சாக்கு,
குளம்பு வழுக்காமல் அதன்மேல் செம்பனை ஓலை.
கயிறு குட்டையாக:
தலை கூண்டைத் தாண்டக்கூடாது,
கால் மடங்கினால் கழுத்து இறுகவும் கூடாது.
இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடம்தான்.
ரஷிதுல் தன் விரலை வைத்து அளந்தான்.

மணல் வைத்த இடத்தில் இருக்கும்.
மாடு யோசிக்கும்.
வளைவு வருமுன்பே ஒருபக்கம் சாயும்,
சாய்ந்தது ஸ்டியரிங்கில் என் கைக்கு வரும்.
மூன்றாம் கியரிலேயே போனேன்.
பிரேக்கைத் தொடவில்லை, காலை மட்டும் எடுத்தேன்.
பின்னால் பழலோரிக்காரன்
ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தான்.

நடுக்கண்ணாடி முழுக்க மாட்டு முகம்.
சாலை தெரியாத கண்ணாடி எனக்கு எதற்கு,
பக்கக் கண்ணாடி ரெண்டு இருக்கிறதே.
அதை அஞ்சலை பக்கம் திருப்பிவிட்டேன்.
பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
பாகான் டத்தோ வரைக்கும்
அவள் திரும்பியே பார்க்கவில்லை.
கண்ணாடியை விட்டு
கண்ணை எடுக்கவும் இல்லை.

திரும்பும்போது மழை.
பின்னால் ஓலையும் சாணமும்தான்.
ஜெண்டராட்டா வளைவில் வால் லேசாகத் துடித்தது.
நாற்பதுக்குக் குறைத்தேன்.

'இப்பதான் ஒன்னுமில்லையே,
இன்னும் ஏன் இவ்ளோ மெதுவா?'

'அதனாலதான்.'

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் கழித்து,
நாளைக்கு அலமாரி என்றாள்.
படுக்கவச்சுக் கட்டணும் என்றேன்,
கண்ணாடிக் கதவு மேலே இருக்கிற மாதிரி,
கைப்பிடியில் கயிறு போடக்கூடாது.