வந்துகொண்டிருப்பவர்கள்

இரவு மூன்று பத்துக்கு
அனிருத்தனின் ஜீப் ஓடுபாதைக்குள் போனது.
நடுவில் ஏதோ கிடக்கிறது என்று
கிளம்பிப் போன விமானி ஒருவர் சொல்லியிருந்தார்,
டயர்த் துண்டோ, செத்த வௌவாலோ.
என் மேசையில் ஓடுபாதைக்கென்று இருக்கும் இடத்தில்
சிவப்புப் பட்டையை வைத்தேன்.
விரல் நீளம். வெறும் பிளாஸ்டிக்.
அது அங்கே இருக்கும்வரை
இறங்கலாம் என்ற சொல்
என் வாய்க்குச் சொந்தமில்லை.

மஸ்கட் விமானம் எட்டு மைலில் கூப்பிட்டது.
பிறகு ஆறு.
கடலுக்கு மேல் அதன் விளக்கு
நங்கூரமிட்ட வள்ளம் போல அசையாமல் நின்றது,
நேராக நம்மை நோக்கி வருவது அப்படித்தான் தெரியும்.
மழை. ஜீப்பின் மஞ்சள் வெளிச்சத்தைக்
கண்ணாடி கலைத்துக் கலைத்து அழித்தது.
மூன்று மைலில் அனிருத்தன் சொன்னான்:
வெளியேறிக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில்தான் சொன்னான்.
எனக்குள் அது தமிழில் விழுந்தது.
கொண்டிருக்கிறேன்.
இலக்கணத்தில் நான் நாற்பது மார்க்,
ஆனாலும் அந்த வால் எனக்குப் பிடிபட்டது.
ஏறிவிட்டேன் வேறு, ஏறிக்கொண்டிருக்கிறேன் வேறு.
இரண்டுக்கும் நடுவில்
ஒரு ஜீப்பின் பின்பாதி நிற்கலாம்.

"போயிருப்பான், குடுத்திரு" என்றது
பக்கத்து நாற்காலி.
போயிருப்பான் என்பது எந்தக் காலம்?

மேலே போ, சுற்றி வா என்றேன்.
மேலே போகிறேன் என்று
சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னார் விமானி.
தேநீர்க் கோப்பையின் மூடி கிலுகிலுத்தது,
எங்கள் தலைக்கு மேல் கனமாக ஒன்று கடந்தது.
பதினான்கு நொடி கழித்து அனிருத்தன்:
வெளியேறிவிட்டேன்.
கையில் கட்டைவிரல் அளவு இரும்பு.
பட்டையை எடுத்தேன்.
பதிவேட்டில் ஒன்றரை வரி.

காலைப் பாசஞ்சரில் எதிர் இருக்கையில்
நீல நைலான் கயிற்றால் இறுக்கிய அட்டைப்பெட்டி,
நான்கு பக்கமும் பெயர், மார்த்தாண்டம், தொலைபேசி எண்.
பாறசாலை தாண்டி
ரப்பர் ஷீட் வாடை உள்ளே வந்ததும்
பெட்டிக்காரர் பேச ஆரம்பித்தார்.
"எறங்கப் போன சாதனத்த அப்பிடியே மேல ஏத்திட்டானுவ.
கால் மணிக்கூர் கடலுக்க மேல சுத்து.
பிள்ளைய பாத்து மூணு வருசமாச்சு, நமக்குத் தெரியும் அந்தக் கால் மணிக்கூர்.
கோபுரத்துல இருக்கப்பட்டவன் ஒறங்கியிருப்பான்."
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும், கொஞ்சம்.
அடையாள அட்டை பைக்குள்
சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் கிடந்தது.
"ஒங்களுக்கு எங்க வேல?"
"ஏர்போர்ட்டுக்குப் பக்கம்."
கை நிறைய மிட்டாய் அள்ளித் தந்தார்.

குழித்துறையில் பெட்டியை இறக்க
நான் ஒரு முனை பிடித்தேன்.
நடைமேடையில் ஒரு சின்னப் பெண்
தாயின் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள்,
இவரைத் தெரியவில்லை.
"மக்களே, நான்தான்."
அவள் எட்டிப் பார்த்தது பெட்டியைத்தான்.
அவர் அங்கேயே குந்தி உட்கார்ந்தார்,
லுங்கி நனைவதைப் பார்க்காமல்,
அவசரமே இல்லாதவர் போல.

ரெஜினுக்குப் போன் போட்டேன்.
"ஜெபிலா, வந்துட்டே இருக்கேன்,
பாலத்துல ஏறியாச்சு."
பின்னால் வாளியில்
தண்ணீர் நிறையும் சத்தம் கேட்டது.
சரி என்றேன்.
மிட்டாய் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு
பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.