சீட்டு எண் 4417

பகாவ் பழைய சினிமா கொட்டகைக்கு
ஏ.சி. போட்டு மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள்.
டிக்கெட் பத்து வெள்ளி, அறுபது தாண்டினால் பாதி.
ஐ.சி.யை நீட்டினேன்.
"ஆண்ட்டி, மீனை மட்டும் இங்கே வைத்துவிட்டுப் போங்கள்" என்றாள்
சட்டையில் ஃபர்ஹானா என்று பெயர் குத்தியிருந்த பெண்.
அரைக்கிலோ கெம்போங்கை அவள் மேசைக்கடியில் விட்டுவிட்டு
ராக் அண்ட் ரோலுக்குள் நுழைந்தேன்.

பிளாஸ்டர் ஒட்டிய டிரம்.
இரண்டு பல் போன ஆர்கன்.
யார் யார் எச்சிலோ காய்ந்த மைக்.
நடுவில், தனி விளக்கில், கண்ணாடிப் பெட்டிக்குள்
சிவப்பாக
அது.

வார் மட்டும் புதிது.
அவன் மாட்டியிருந்தது அறுத்த சைக்கிள் டியூப்.

கித்தாவுக்கும் கித்தாருக்கும் நடுவே ஓர் எழுத்துதான்.
புகைக்கூடத்தில் கித்தா ஷீட் தொங்கவிட்ட சவரியப்பன்
அந்த ஓர் எழுத்துக்கு
இருபது மாதம் தவணை கட்டினான்.
போஸ்டரில் அவன் பெயர் ஸேவி.
எங்கள் பேரேட்டில் சவரியப்பன், த/பெ அந்தோணிமுத்து,
லாடாங் முகவரி, இடது பெருவிரல் ரேகை.

லிம் தவுக்கேயின் அடகுக்கடையில்
கம்பிக்குப் பின்னால் சீட்டு எழுதினவள் நான்.
திங்கட்கிழமை கித்தார் உள்ளே வரும்,
வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியே போகும்.
தாலிக்கொடிகளுக்கும் தையல் மிஷின்களுக்கும் நடுவே
வாரத்தில் நான்கு இரவு எங்களிடம்தான் தூக்கம்.
பலகையில் இதெல்லாம் இல்லை.
"எட்டாயிரம் பேரை ஆடவைத்த கருவி" என்றிருக்கிறது.

ஆடினார்கள். சரி.
நான் போனதில்லை, வீட்டில் விடமாட்டார்கள்.
ஆனால் தவுக்கே சாப்பிடப் போன ஒரு மத்தியானம்
பெட்டியைத் திறந்து
ஒரே ஒரு தந்தியை இழுத்தேன்.
கரண்ட் இல்லாத மின்கித்தார்
எப்படிச் சத்தம் போடும் தெரியுமா?
வலைக்கு வெளியே நின்றுவிட்ட கொசு மாதிரி.
எட்டாயிரம் பேரில் ஒருவருக்கும்
அது கிடைத்திருக்காது.
இன்னொரு தடவை இழுத்தேன்.
வாசலில் தவுக்கேயின் சைக்கிள் மணி.
கை நழுவிற்று. சிமெண்டுத் தரை.

கழுத்துக்குக் கீழே
கட்டைவிரல் நீளத்துக்கு விரிசல்.
நாலு மாதச் சம்பளம் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது.
மஞ்சள் துணியைச் சுற்றி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தான். துணியை விலக்கினான்.
விரிசலைப் பார்த்தான்.
கம்பிக்குள் என்னைப் பார்த்தான்.
பக்கத்தில் தவுக்கே மணிச்சட்டம் தட்டிக்கொண்டிருந்தார்.
"சாமான் சரியா இருக்கா?"
"இருக்கு."
4417. சீட்டைக் கிழிக்கக் கை வரவில்லை எனக்கு,
அவனே கிழித்தான்.

மறுநாள் ராத்திரி சிரம்பான் மேடையில்
கடைசிப் பாட்டில்
கித்தாரைத் தலைக்குமேல் தூக்கித்
தரையில் அறைந்தானாம்.
ஜனம் கூரையைப் பிய்த்ததாம்.
பலகையில் தடித்த எழுத்து அதற்குத்தான்:
"ஆவேசத்தின் தழும்பு."

பிறகும் வந்தான், போனான்.
நான் சீட்டு எழுதினேன், அவன் விரலில் மை தடவினேன்.
அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.
ஒரு திங்கட்கிழமை வைத்தவன் மீட்க வரவில்லை.
சிங்கப்பூர் கப்பல் பட்டறை என்றார்கள்.
ஆறு மாதம் கழித்து ஏலம்.

எவ்வளவு மெதுவாக அறைந்திருப்பான்
என்று ஐம்பத்து மூன்று வருஷமாக யோசிக்கிறேன்,
இருக்கிற விரிசலுக்குப் பக்கத்தில்
இன்னொன்று விழாமல்.

கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தேன்.
ஒன்றுதான் இருக்கிறது.

"ஆண்ட்டி, ஃபோட்டோ எடுக்கட்டுமா?"
எடு என்றேன். அந்தப் பக்கம் வேண்டாம்,
இப்படி வா, விரிசல் தெரியட்டும்.
"அந்தக் கச்சேரியைப் பார்த்திருக்கிறீர்களா?"
இல்லை என்றேன்.
மீன் கெட்டுவிடும்,
சீக்கிரம்.