அளந்து குடி

டார்க்வில், இன்றே நிறுத்திவிடாதே என்று
சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.
பத்து வருடம் தீவே நிறுத்தச் சொன்ன ஆளிடம்
நான் மட்டும்: குடி.
காலையில் இரண்டு டப்பா, மதியம் ஒன்று, இருட்டியதும் இரண்டு.
கூட்டாதே, குறைக்காதே, தேதி வரும்வரை.

சட்டென்று நின்றால் வலிப்பு வரும்.
வலிப்பு வந்தால் ஹெலிகாப்டர் வரும்.
படுக்கை மட்டும் வராது.

ஸ்டோர்னோவே அலுவலகத்தில் ஹீட்டர் ஒரு பக்கம்தான் எரியும்.
பரிந்துரைப் படிவம் பதினான்கு பக்கம்.
வாரத்துக்கு எத்தனை யூனிட்?
"ஆடு எண்ணுகிற மாதிரி எண்ணச் சொல்கிறாய்.
நின்றால்தானே எண்ண."
'தெரியாது' என்றொரு கட்டம் இல்லை.
நூற்றெண்பது என்று நானே போட்டேன்.

மாற வேண்டும் என்ற விருப்பம், பத்துக்கு எத்தனை?
ஜன்னல் வழியே வெகுநேரம் துறைமுகத்தைப் பார்த்தான்.
ஒரு கடல்நாய் தலையைத் தூக்கிவிட்டு உள்ளே போனது.
"திங்கட்கிழமை ஒன்பது. இன்று என்ன கிழமை?"
வியாழன்.
"அப்போ நாலு."
ஒன்பது என்று எழுதினேன்.
மேலே யாராவது இதைப் படிக்க நேர்ந்தால்
மன்னிக்க வேண்டாம்,
திருத்தாமல் விட்டால் போதும்.

நவம்பரில் நிதிக்குழு கூடியது; ஒரு கையெழுத்து குறைந்தது.
டிசம்பரில் கூடவே இல்லை.
இன்வர்னெஸ்ஸுக்கு அப்பால் அந்த வீட்டில் மொத்தம் பதினோரு படுக்கை.
தினமும் காலை ஒன்பதுக்கு அழைப்பேன்.
மோர்வென் என்ற குரல் "இன்னிக்கு இல்லம்மா" என்னும்.
அந்த 'ம்மா'வை நான் வெறுக்கத் தொடங்கிய வாரம்
இடம் வந்தது:
யாரோ ஒருவன் ஆறாம் நாளே எழுந்து போய்விட்டானாம்.
எங்கே போனான் என்று கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும்.

காலைக் கப்பல் ரத்து. கடலில் எட்டாம் எண் காற்று.

துறைமுகத்தில், என் காருக்குள்,
மடியில் பையோடு உட்கார்ந்திருக்கிறான்:
இரண்டு சட்டை, ஒரு ரேஸர், கெனைனா பின்னிய காலுறை.
அக்காதான். வரவில்லை.
முன்பு இரண்டு தடவை கையசைத்து அனுப்பிவிட்டாள்.

பதினொன்றுக்கு விரல்கள் ஆடத் தொடங்கின.
பின்சீட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து
நானே திறந்து கொடுத்தேன்.
பன்னிரண்டு வயதில், அப்பா தூங்கியதும்,
ஒவ்வொன்றாகக் கழுவுதொட்டியில் கவிழ்த்த கை.
இதே கைதான்.

மோர்வெனை அழைத்துச் சொன்னேன்: கடல், காற்று, கப்பல்.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
யாரோ தட்டு அடுக்கும் சத்தம் மட்டும்.
"ராத்திரி எட்டு வரை வைக்கிறேன்.
அப்புறம் பட்டியலில் அடுத்தவர்."
அடுத்தவருக்கும் ஒரு கார் இருக்கும்,
அதில் என்னைப் போல ஒருத்தி.

இரண்டு மணிக் கப்பல் பற்றிப் பலகை எதுவும் சொல்லவில்லை.

டார்க்வில் பாதியில் நிறுத்தினான்.
"அளவு சரிதானே?"
மருந்துக் கடையில் கேட்பவனைப் போல.

மிச்சம் இருவருக்கும் நடுவில் இருக்கிறது.
அவனும் குடிக்கவில்லை,
நானும் கொட்டவில்லை.