மீன் பையில் அலாரம்

யாகுத்ஸ்க், ஜனவரி, விடிகாலை நான்கு.
நான்கு என்று சொன்னதே அந்தப் போன்தான்.
மூன்று மணிவரை இருமிவிட்டு
இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறான் அயால்.
தலையணைக்கடியில் கோமுஸ் அதிர்கிறது:
பல்லிடுக்கில் பிடித்து விரலால் சுண்டும்
இரும்பு நாக்கு.
ஆறே விநாடி. திரும்ப அதே ஆறு.

துயாரா திரையைத் தேய்க்கிறாள்,
மேலே, கீழே, குறுக்கே.
'நிறுத்து' என்று ஒரு பச்சை வட்டம்
குளத்துப் பனிக்கடியில் மாட்டிய இலை மாதிரி
கிட்டத்தில் தெரிகிறது, தொட வரவில்லை.
எச்சில் தொட்டுத் தேய்த்தாள். முட்டியால் தட்டினாள்.
பக்கவாட்டுப் பொத்தான் அக்டோபரிலேயே போச்சு,
எட்டாம் நம்பர் பஸ்ஸில், கையுறையோடு அழுத்தியதில்.
அது இருந்த பள்ளத்தில் ஊக்கை விட்டுக் குத்துகிறாள்.
ஒலி குறைக்கும் பொத்தானை அழுத்தி எண்ணுகிறாள்,
பத்து, இருபது, முப்பது.
அழுத்த வேண்டியது இரண்டையும் சேர்த்து.
இருப்பது ஒன்று.

பழைய போனென்றால் முதுகைக் கழற்றி
பேட்டரியைப் பிடுங்கி எறிந்திருக்கலாம்.
இதற்கு முதுகே கிடையாது.
அறுபத்தொரு சதவீதம் என்கிறது மூலையில்.
அதாவது, நாளை மதியம்வரை.

மாவு டப்பாவில் போட்டு மூடினாள்.
டப்பாவும் சேர்ந்து பாடியது.
மேல்வீட்டு கிளாவ்தியா குழாயைத் தட்டினாள், மூன்று தட்டு.
வெந்நீர்க் குழாய் வழியே வரும் வசவு
எந்த மொழியிலும் புரியும்.
கடைசியில் சால்வை, கோட்டு, இரண்டு கை
எல்லாம் போட்டு
நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

தமிழில் எழுதுகிற எனக்கு இங்கே ஒரு சங்கடம்.
விளக்கை அணைப்பதும் ஆளை அணைப்பதும்
நமக்கு ஒரே சொல்.
அவள் பாஷையில் அப்படி இல்லை.
அணைத்துப் பார்த்தாள், அணையவில்லை என்று எழுதினால்
வார்த்தை விளையாட்டு என்பீர்கள்.
அணைக்க அணைக்கச் சூடேறி
தெம்பாக ஒலித்தது சனியன்.
நடந்தது அதுதான்.

அந்த ஆறு விநாடியை வாசித்தவன் துலுஸ்தான்.
மிர்னி சுரங்கத்துக்கு ஷிஃப்டுக்குப் போனவன்,
இரண்டு மாதம் என்று.
இது மூன்றாவது குளிர்காலம்.
ட்யூனை மாற்றலாமா என்று நினைத்ததுண்டு,
திரை நன்றாக இருந்த நாட்களில்.

அப்போது ஜன்னல் கண்ணில் பட்டது,
அதன் மேல்மூலைச் சின்னக் கதவு.
வெளியே கொக்கியில் வலைப்பை:
விறகாய் விறைத்த இரண்டு மீன்,
வட்டு வட்டாய் உறைந்த பால்.
மைனஸ் நாற்பத்தெட்டு.
இந்த ஊரில் ஃப்ரிட்ஜ் என்பது
பொருள்கள் உறையாமல் இருக்க.

திறந்ததும் வெள்ளாவியாய்ப் பாய்ந்தது குளிர்.
போனை மீனுக்கும் பாலுக்கும் நடுவே செருகினாள்.
வாய் பிளந்த மீன்தான் வாசிக்கிறது
என்று சத்தியம் செய்யலாம்.

முதல் நிமிடம் வாசித்தான்.
இரண்டாவதும்.
ஏழாவதிலோ எட்டாவதிலோ
(எண்ணக் கடிகாரம் பைக்குள் இருந்தது)
ஆறில் நாலாவது விநாடியில்
வெளிச்சம் போயிற்று.
அறுபது, ஐம்பது என்று இறங்கியெல்லாம் இல்லை.

"அம்மா," என்றான் அயால் கட்டிலிலிருந்து,
"ஏன் நிறுத்திட்டே?"
அத்தனை சத்தத்திலும் தூங்கியவன்
எழுந்து உட்கார்ந்திருக்கிறான்.

உள்ளே எடுத்ததும் சார்ஜரில் போடக்கூடாது,
வியர்த்து நீர் இறங்கும். அது அவளுக்குத் தெரியும்.
போட்டால் பொத்தானே வேண்டாம்,
தானாக விழித்துக்கொள்ளும். அதுவும் தெரியும்.
தெரியாதது பேக்கரி பஸ்ஸுக்கு
இன்னும் எவ்வளவு நேரம் என்பது.
கரண்டியை எடுத்து வெந்நீர்க் குழாயில்
மெல்ல ஒரு தட்டு தட்டினாள்,
கேள்வி மாதிரி.

மேலே கொஞ்சம் மௌனம்.
பிறகு நான்கு தட்டு.
அப்புறம், யோசித்து,
பாதித் தட்டு ஒன்று.