தீர்மானம் எண் ஏழு

இரயுமன்துறை. அலைமுகம் ஆட்டக் கழகம்.
ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து
பத்தேமுக்காலுக்கு அவசரக் கூட்டம்.
வந்தவர் இருபத்துமூன்று,
கையெழுத்திட்டவர் பதினேழு.
மின்விசிறி ஒன்று. அதுவும் தலைவர் பக்கம்.

எழுதுகிறவன் நான், செயலாளர் பெர்க்மான்ஸ்.
ஒன்பது வருடமாய் இந்த நோட்டில்
என் எழுத்துதான் சாய்ந்து ஓடுகிறது,
ஒரு காலத்தில் இடது விங்கில் நான் ஓடியதுபோல.

ஒன்று: பொழியூரில் ஆறுக்குப் பூஜ்யம்.
இதில் தீர்மானிக்க என்ன இருக்கு என்றார் ஹில்லாரி.
ஆனாலும் எழுது என்றார்கள்.
எழுதினேன். பூஜ்யம் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.

இரண்டு: பயிற்சியாளர் நீக்கம்.
இந்த ஆண்டில் மூன்றாமவர்.
மஞ்சேரியிலிருந்து வந்த முதலாமவர்
மீன் தின்னமாட்டார். கரை முழுக்க அதே பேச்சு.
களியக்காவிளை பஸ்சுக்கு நின்றபோது
கழகத்து விசில் அவர் கழுத்திலேயே கிடந்தது;
கேட்க எனக்கு நா எழவில்லை.
இரண்டாமவர் மீன் தின்றார், நன்றாகவே தின்றார்,
கோல் அடிக்கிறவனைக் கொண்டுபோய்ப் பின்னால் நிறுத்தினார்.
மூன்றாவது நம் எஸ்கலின்.
போன மாதம் வரை "நம்ம பய",
இன்று "அவன்".
கடைசி பெஞ்சில் உட்கார்ந்து
தன்னைப் பற்றிய விவாதத்தை
வேறு யாரோ ஆடும் ஆட்டம்போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று: பொருளாளர் தார்சியூஸ்.
பந்து வாங்கிய ரசீதில் தேதி இருக்கும் மூலை கிழிந்திருக்கிறது.
எலி என்றார் அவர்.
எந்த எலி தேதியை மட்டும் தின்னும் வோய்?
சத்தம்.
இந்த இடத்தில் இரண்டு வரி அடித்தேன்.

நான்கு: கோல்கீப்பர் ஷாபு நான்கு ஆட்டமாய் வரவில்லை,
விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவது.
எந்த விலாசத்துக்கு?
லட்சத்தீவுக்கு அப்பால் சுறாப் போட்டில்
அவனுக்கு இன்று இருபத்தெட்டாம் நாள்.
வயர்லெஸ்ஸில் சொல்லலாம் என்றது ஒரு குரல்.
சிரித்தவர் பெயர்கள் குறிக்கப்படவில்லை.

ஐந்து: அஜ்மானிலிருந்து வந்த குரல் செய்தி
மேசைமேல் வைத்துப் போடப்பட்டது.
பின்னால் ஏசி இரைச்சல். அப்புறம் பணத்தின் குரல்:
"தலைமை மாறட்டும், ஜெர்சிக்கு அனுப்புறோம்."
தலைவர் சூசைமிக்கேல் எழுந்தார்.
ஒன்றும் பேசவில்லை.
மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவைத்துவிட்டு
வெளியே போனார்.
அதையே ராஜினாமாவாக எடுத்துக்கொண்டோம்.

ஆறு: புதிய தலைவர்,
பழைய தலைவரின் மச்சினர் வின்சிலாஸ்.
அமர்ந்தார்.
முதல் நடவடிக்கையாக
மின்விசிறி பழைய நிலைக்குத் திரும்பியது.

ஏழு.
ஏழு வந்ததும் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
தொடர் தோல்விகளுக்கு நிர்வாகம் பொறுப்பேற்கும் வகையில்
செயலாளரும்,
என்று தொடங்கி வின்சிலாஸ் இருமினார்.
புதுச் செயலாளர் ஷைஜு
திருவனந்தபுரத்தில் மலையாளத்தில் படித்தவன்,
தமிழ் பேசுவான், எழுத்து வராது.
"இத மட்டும் நீயே எழுதிரு மக்கா."

எழுதினேன்.
நீக்கப்படுகிறாரா, விடுவிக்கப்படுகிறாரா
என்று நானே கேட்டேன்.
பத்து நிமிடம் அதற்கே போயிற்று.
ஹில்லாரி விடுவிக்கப்படுகிறார் என்றார், மரியாதைக்கு.
பெரும்பான்மை நீக்கம்.
'க்'கை மறக்காமல் போட்டேன்.
ஒருமனதாக என்று முடித்தேன்,
என் கையும் அந்த மனதில் ஒன்றுதானே.
சாவியை நோட்டின்மேல் வைத்தேன்.
பேனா என்னுடையது, பையில் செருகினேன்.

வெளியே உச்சி வெயில்.
மைதானத்தில் தென்பக்கம் கால்பாகத்தைக் கடல் எடுத்தாயிற்று,
அந்தப் பக்கத்துக் கோல்கம்பம்
குடித்தவன்போல் சாய்ந்து நிற்கிறது.
அதற்குள்தான் பொடியன்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
தலைவர் கிடையாது, தொப்பி வைத்தவன் நடுவர்,
அவனே ஒரு கோலும் போட்டான்.

பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது.
நிறுத்தியிருக்கலாம்.
இடது காலால் ஓங்கி அடித்தேன்.
கருங்கல் தடுப்பைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தது.

"எவன்டே அது?"

முன்னாள் என்ற சொல் தொண்டைவரை வந்தது.
விழுங்கினேன்.
வேட்டியை மடித்துக் கட்டி
கல் பார்த்துக் கல் பார்த்து இறங்கினேன்,
அலை அதை இன்னும் கொஞ்சம் உள்ளே கொண்டுபோவதற்குள்.