பூச்சியம் இருக்க வேண்டிய இடம்

சஸ்கற்றூன். விடிய நாலு மணி. மறை முப்பத்தொன்று.
தரிப்பிடத்தில் ஒவ்வொரு காரும்
மூக்கிலிருந்து ஒரு வயரைத் தொங்கவிட்டு
கம்பத்தில் சூடு குடித்துக்கொண்டிருக்கிறது,
சேலைன் ஏற்றிய வார்ட் மாதிரி.

திறப்பைத் திருப்பினேன்.
டிக்.
இன்னொருக்கா.
டிக்.
அதற்கு மேல் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

லைட் எரிகிறது. ஹோர்ன் அடிக்கிறது,
மூன்றாம் மாடியில் யாரோ திரை விலக்கித் திட்டுமளவுக்கு.
ரேடியோகூட நேற்று விட்ட இடத்திலிருந்து
கோதுமை விலை சொல்கிறது.
எல்லாம் இருக்கிறது.
எஞ்சின்தான் கேட்ட மாதிரியே காட்டவில்லை.

குகதாசன் படியிறங்கி வந்தான்.
ஒரே வீடு, ஒரே பேக்கரி, ஒரே ஷிஃப்ட்.
கதைத்து ஆறு கிழமை.
ஆயிரத்து எண்ணூறு டொலர்.
தையில் தருகிறேன் என்றவன் நான்.
இது மாசி.

இப்போது அவன் ரெய்னால்டோவின் வானில்தான் போகிறான்.
வான் வந்தது. கதவு திறந்து, புகை விட்டபடி நின்றது.
டிக், என்றது என் கார்.
வானைப் பார்த்தான். என் பொனற்றைப் பார்த்தான்.
கையை அசைத்து வானை அனுப்பிவிட்டான்.
என்னைப் பார்க்கவில்லை.

"திற."
திறந்தேன்.
பொனற் எங்களுக்கிடையில் சுவர் மாதிரி எழுந்தது.
அதன் கீழ் இரண்டு விரல் இடைவெளி,
அதில் அவன் கையுறையும்
மீற்றரின் மஞ்சள் மூலையும்.

"பன்னிரண்டு தசம் நாலு. பற்றரியில பிழையில்லை."
பற்றரிக்குத்தான் சொன்னான்.

"திருப்பு."
டிக்.
"விடு. வோல்ற் விழேல்லை. ஒண்டும் இழுபடேல்லை."

பிறகு ஒரு ஊசி பற்றரியின் கறுப்பு முனையில்,
மற்றது எஞ்சினின் வெறும் இரும்பில்.
இரண்டும் எர்த். இரண்டும் ஒன்று.
நடுவில் எதுவும் இருக்கக் கூடாது,
அவ்வளவு எனக்கும் தெரியும்.
"திருப்பு. பிடிச்சுக்கொண்டிரு."
மீற்றரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக் காட்டினான்.
ஒன்பது தசம் எட்டு.

பூச்சியம் இருக்க வேண்டிய இடத்தில்
ஒன்பது தசம் எட்டு.

இறங்கிப் போய் ரோர்ச் பிடித்தேன்.
சப்பாத்து லேஸ் அகலத்தில் ஒரு பின்னல் வயர்,
எஞ்சினிலிருந்து சட்டத்துக்கு.
எத்தனை மாரியின் வீதி உப்போ,
பச்சையாகப் பொரிந்து கிடந்தது.
விரலால் தொட்டான், கையோடு வந்துவிட்டது.

"போற கரண்டைத்தான் எல்லாரும் பாக்கிறது.
திரும்பி வாற வழியை ஒருத்தரும் பாக்கிறேல்லை."

வயரைப் பற்றித்தான் சொன்னான்.
அப்படித்தான் நினைக்கிறேன்.

தன் பையிலிருந்த ஜம்பர் கேபிளை எடுத்து
கேட்காமல் கொள்ளாமல் ஒரு முழம் வெட்டினான்.
கத்தியால் தோலுரித்தான்.
கையுறையோடு முறுக்க முடியாது; கழற்றினான்.
குளிர் இரும்பு விரலில் ஒட்டியது,
பிய்த்தெடுத்து, ஊதி, மறுபடி வைத்தான்.
துருவை நான் சுரண்டினேன்
வீட்டுத் திறப்பின் பல்லால்.
போல்ற்றின் கீழ் செம்பு
ரோர்ச் வெளிச்சத்தில் புதுச் சதம் போல மின்னியது.

"திருப்பு."
டிக் இல்லை.
ஒரு இருமல், ஒரு நடுக்கம்,
பிறகு காரின் முழு உடம்பும்.

முன் சீற்றில்தான் ஏறினான்.
வெட்டின விரலை வாயில் வைத்தபடி
வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.
இருபதாம் தெரு சிவப்பு விளக்கு வரைக்கும்
ஹீற்றர் மட்டும் கதைத்தது.

"கேபிள் முப்பது டொலர்," என்றான் கண்ணாடிக்கு.
"சரி. ஆயிரத்து எண்ணூற்று முப்பது."
பச்சை விழுந்தது.
"வரி இருக்கு," என்றான்.